அழைப்புக் கேளாத சுரப்பியும் குளிசை கொடாத தந்தையும்

துறைமுக வாயிலில் பணிமாற்றத்துக்காகக் காத்து நிற்கும் தொழிலாளத் தோழர்களே, மருத்துவமனை முன்றிலில் சோற்றுப் பொதியோடு பார்வை நேரத்துக்குக் காத்திருக்கும் தாய்மாரே, உப்புவெளியில் என் மகன் வீட்டுக்கு இருபுறமும் குடியிருப்போரே! உங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே இந்த மடலை எழுதினேன். அச்சிட்டு உங்கள் கைகளிலும் தந்திருக்கிறேன். என் குற்றச்சாட்டு ஒன்றே. நான் பெற்ற மகன், தான் பெற்ற மகனுக்கு உயிர்காக்கும் குளிசையை மறுத்துவிட்டான். அந்தப் பிள்ளை, அமுதன், சிறுவர் நோயாளர் விடுதியில் கையில் ஊசிக்குழாயோடு படுத்திருக்கிறான். நாள் தவறாமல் குளிசை கொடுப்பதாக வாக்களித்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொல்கிறார். என் மகன் வாக்களிக்கவும் மாட்டானாம். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கவும் மாட்டானாம். இன்று பார்வை நேரம் முடிந்ததும் தன் பொறுப்பில் தூக்கிக்கொண்டு போவானாம். போனால் அந்தப் பிள்ளை அடுத்த காய்ச்சலில் இறந்துபோவான். அதைத் தடுக்கவே இந்த மருத்துவமனை முன்றிலில் நின்று இதை உரக்கப் படிக்கிறேன்.

மகனே, இனி உன்னோடு பேசுகிறேன். உன் கைபேசியில் என் எண்ணை அடைத்துவிட்டாய். உன் படலையில் வந்து நின்றேன். உள்ளேயிருந்து நாயை அவிழ்த்துவிட்டாய். மருத்துவமனை வாங்குப் பலகையில் உன் அருகே அமர்ந்தேன். எழுந்து வெற்றிலைக்கடைப் பக்கம் போய்விட்டாய். தனியே பேசுவதற்கு இருந்த வழிகளையெல்லாம் நீயே மூடினாய். ஆகவே ஊர் நடுவில் பேசுகிறேன். அன்புள்ள என்று மடலைத் தொடங்குவது வழக்கம். எழுதப் பார்த்தேன், கை மறுத்தது. மேடையேறிய காலம் முதல் நெஞ்சில் இல்லாத சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை. உனக்காக அந்தப் பழக்கத்தை முறிக்கப் போவதுமில்லை. இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும். வலிக்கவேண்டும் என்றே சொற்களைத் தேர்ந்திருக்கிறேன்.

தேன்மொழியை உன் தலையில் யாரும் கட்டவில்லை. அவள் என் தங்கையின் மகள். சம்பூரிலிருந்து துரத்தப்பட்டு முகாமின் தகரக்கூரையின் கீழ் வளர்ந்து, ஊர் திரும்பிய பின் தறப்பாள் கூடாரத்தில் தங்கியபடியே கல்லரிந்து வீடு கட்டிய குடும்பத்தின் பிள்ளை. துறைமுகத்து இழுவைப் படகில் உனக்கு வேலை கிடைத்த கையோடு, பெண் பார்க்கட்டுமா என்று உன் தாய் கேட்டாள். அவள் அப்போது உயிரோடிருந்தாள். "மச்சாள் இருக்கேக்க வேற ஆரைப் பாக்கப் போறியள்? அவளைத்தான் கட்டுவன். இல்லையெண்டா ஏதும் கப்பலில ஏறிப் போயிடுவன், பிறகு என்னைத் தேடாதேங்கோ" என்றாய். என் தங்கை சிரித்தாள். "மருமோன், உமக்கு அவசரம். அவளுக்குச் சோதினை முடியட்டும்" என்றாள். "சோதினை எழுதி என்ன செய்யப் போறாள் மாமி? எனக்குச் சோறுதானே காச்சப் போறாள்?" என்றாய் நீ. "அப்ப உப்பை அள்ளிப் போட்டுத்தான் காச்சுவன், வந்து தின்னுங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. வீடே சிரித்தது. சோதனையும் முடியவில்லை, பெறுபேறும் வரவில்லை. உன் அவசரம் வென்றது. பின்னாளில், 'அப்பாதான் தன்ர சொந்தத்தை என்னில கட்டி விட்டவர்' என்று துறைமுகமெங்கும் சொல்லித் திரிந்தாய். அது பொய் என்று தெரிந்தவர்களில் பாதிப்பேர் இன்று இந்த முன்றிலில் நிற்கிறார்கள்.

அமுதன் பிறந்தபோது நம் எல்லாரையும் போலத்தான் இருந்தான். தவழும் பருவத்தில் கருக்கத் தொடங்கினான். வெயிலில் கருப்பது வேறு. இது பல்முரசில் கருத்தது, விரல்மொழி மூட்டுகளில் கருத்தது, உள்ளங்கைக் கோடுகளில் மை ஊற்றியதுபோல் கருத்தது. தேன்மொழிக்கு மனத்தில் உறுத்தியது. உனக்குக் கண்ணில் உறுத்தியது. கடலைமாவும் பாலாடையும் வாங்கி வந்து, பிள்ளையின் தோல் சிவக்கும்வரை தேய்க்கச் சொன்னாய். அவன் அலறினான், நீ தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாய். முதலாவது பிறந்தநாளுக்கு உன் படகுத் தோழர்களை அழைத்தாய். உன் படகின் தலைவன் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு கேட்டான்: "அடேய் தம்பி, உன்ர வீட்டுத் துறையில எந்த நாட்டுக் கப்பலடா கட்டினது? நீ வேலையில நிக்கேக்க ஆர் இழுத்து விட்டது?" அவையே அதிரச் சிரித்தது. வாயை மூடும் என்று நான் எழுந்தேன். "ஐயா, பகிடிதானே! கோவிக்காதேங்கோ, கேக்கைச் சாப்பிடுங்கோ" என்றான் அவன். உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் மனைவி அதைக் கேட்டபடி அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் போனதும் குசினிக்குள் அவளை மறித்தாய். "உள்ளதைச் சொல்லு. இது ஆற்ற பிள்ளை?" "உங்கட மூக்கைப் பாருங்கோ, அவன்ர மூக்கைப் பாருங்கோ" என்றாள். "மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு. நிறம்? எங்கட பரம்பரையில இப்பிடி ஒராள் இருந்ததோ?" "அப்ப நானும் உங்கட பரம்பரைதானே? மாமாட தங்கச்சின்ர பிள்ளைதானே நான்?" இதைக் கேட்டதும் அவளுடைய உடுப்புப் பையைப் படலைக்கு வெளியே எறிந்தாய். நான் தடுத்தேன். "இது என்ர வீடு அப்பா. பேச்சு இருந்தா மேடையில போய்ப் பேசுங்கோ" என்றாய். அன்று அவளோடும் பிள்ளையோடும் சம்பூர்ப் பேருந்தில் ஏறினேன். கிண்ணியாப் பாலம் கடக்கையில் அவள் பிள்ளையின் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "மாமா, இவன்ர விரல் மொழியைப் பாருங்கோ, இது வருத்தம்தான், நிறமில்ல" என்றாள். அந்தப் பேருந்தில் அறிவோடு பேசிய ஒரே குரல் அது.

சம்பூரில் பிள்ளை காலைகளில் எழும்ப மறுத்தான். உடல் வேர்த்து நனையும், கண் மேலே செருகும், கை வெட்டியிழுக்கும். நாக்கில் சீனி வைத்தால் தெளிவான். கண்ணூறு என்றார்கள், பேய்க்கோளாறு என்றார்கள், பெற்றவளின் வினை என்றும் ஒருத்தி சொன்னாள். தேன்மொழி பிள்ளையை அணைத்துக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்கு வந்தாள். நானும் உடன் வந்தேன். சிறுவர் மருத்துவர் ஓர் இளம்பெண். அமுதனின் கீழுதட்டை விரலால் இறக்கி முரசைப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்து, "தாயும் தகப்பனும் சொந்தமோ?" என்றார். குருதி எடுத்தார்கள். அது கொழும்புக்குப் போனது. ஒரு பங்கு கடல்கடந்தும் போனது. மாதங்கள் கழித்து எங்களை அழைத்து, கதிரைகளில் இருத்திச் சொன்னார். நீயும் அந்தக் கதிரைகளில் ஒன்றில் இருந்திருக்கவேண்டும். இரண்டு முறை அழைத்தோம், வேலையிருக்கிறது என்றாய்.

"ஐயா, இது தொத்துற வருத்தமில்ல. மூளைக்குக் கீழ ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அது ரத்தத்தில ஒரு ஓமோனை அனுப்பி, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியிட்டச் சொல்லும், உன்ர ஓமோனைச் சுர எண்டு. அந்த ரெண்டாவது இல்லாட்டி உடம்பு பசி தாங்காது, காய்ச்சல் தாங்காது, சீனி இறங்கிடும். உங்கட பிள்ளைக்கு முதல் சுரப்பி நல்லாக் கூப்பிடுது. ரெண்டாவதுக்குக் கேக்குதில்ல."

"செவிடோ, டொக்டர்?" என்று கேட்டாள் தேன்மொழி.

"செவிடு இல்லைத் தங்கச்சி. காது உள்ளுக்குச் செய்துதான் கிடக்கு. வெளியில வரேல்ல."

அவர் சொல்லக் கேட்டதை நான் பயின்ற தமிழில் உனக்குச் சொல்கிறேன். விளங்கவில்லை என்று சொல்ல உனக்கு இனி வழியிருக்கக்கூடாது. ஏற்பி என்பது உயிர்க்கலத்தின் வெளிச்சவ்வில் நின்று, குருதியில் மிதந்துவரும் ஓமோன் என்னும் இயக்குநீரைப் பற்றிக்கொண்டு, அதன் செய்தியை உள்ளே கடத்தும் புரதம். அது கலத்தின் உள்ளே கட்டப்படுகிறது. வேறு பல ஏற்பிகள் கட்டி முடிந்ததும் தாமே சவ்வுக்கு வந்துவிடும். இந்த ஏற்பியால் அது இயலாது. ஒரு சிறிய துணைப்புரதம் அதனோடு ஒட்டிக்கொண்டு, அதைச் சவ்வு வரை அழைத்துவர வேண்டும். வந்தபிறகும் துணை விலகக்கூடாது. அருகே நின்றால்தான் ஏற்பி இயக்குநீரைப் பற்றும். துணையற்ற ஏற்பி கட்டிய இடத்திலேயே அடைபட்டுக் கிடக்கும். அமுதனின் உடலில் சுரப்பி உண்டு, ஏற்பி உண்டு, வாயில்வரை வந்து நிற்கும் செய்தியும் உண்டு. அந்தச் சிறிய துணை மட்டும் சரியாக உருவாகவில்லை. இதைக் கேட்டதும் தேன்மொழி சொன்னாள்: "அப்ப இழுவைப் படகு இல்லாத கப்பல் மாதிரி. கப்பலும் கிடக்கு, கட்டுற இடமும் கிடக்கு, கொண்டுவந்து சேர்க்க ஆளில்ல." மருத்துவர் மேசையைத் தட்டினார். "ஓம், அதேதான்! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" "இவன்ர அப்பாட வேலை அதுதான்" என்றாள் அவள். மலைபோன்ற கப்பலின் விலாவில் உன் இழுவைப் படகு கடுகளவு. அது இல்லையென்றால் அந்த மலை கரைசேராது என்று வீட்டில் எத்தனை முறை மார்தட்டினாய்! அதே வேலையைச் செய்யும் புரதம் உன் மகனுக்குள் இல்லாமற் போனது. உலகில் எவனுக்கு விளங்காவிட்டாலும் உனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

கருமை எங்கிருந்து வந்தது என்று கேள். மூளைக்குக் கீழுள்ள அந்தத் தலைச்சுரப்பி, மறுமொழி கிடைக்காமல், மேலும் மேலும் உரக்கக் கூப்பிடுகிறது. இயக்குநீரை மேலும் மேலும் குருதியில் கொட்டுகிறது. தோலில் நிறம் செய்யும் கலங்களிலும் ஏற்பிகள் உண்டு. அவை அந்த ஏற்பிக்கு உறவுமுறை. ஆனால் அவற்றுக்கு அந்தத் துணை வேண்டியதில்லை. தமக்கென்று அனுப்பப்படாத அந்தக் கூச்சலை அவை கேட்டுக்கொண்டு, இருந்த இடத்தில் கருமையைச் சுரக்கின்றன. உன் பிள்ளையின் முரசிலும் விரலிலும் நீ கண்டது, அவனுடைய உடல் உதவிகேட்டு எழுப்பிய ஓலம். ஓலமிட்ட பிள்ளையைக் கடலைமாவால் தேய்த்தாய். ஓலமிட்ட பிள்ளையின் தாயை வேசி என்றாய்.

மருத்துவர் இன்னுமொன்று சொன்னார்; அது நோயைப் பற்றியதன்று, ஆனால் உன்னைப் பற்றியது. உடலில் வேறோர் ஏற்பி இருக்கிறதாம். அதனோடு ஒரு துணைப்புரதம் சேர்ந்தால் ஓர் இயக்குநீரைக் கேட்கும். அந்தத் துணை விலகி வேறொன்று சேர்ந்தால், அதே ஏற்பி முற்றிலும் வேறோர் இயக்குநீரைக் கேட்கும். ஏற்பி மாறுவதில்லை, பக்கத்தில் நிற்பது யார் என்பதே அதன் செவியை முடிவு செய்கிறது. எனக்கு உடனே உன் முகம் தோன்றியது. தாய் பக்கத்தில் இருந்தபோது நல்லதைக் கேட்டாய். தேன்மொழி பக்கத்தில் இருந்தபோது ஓரளவு மனிதனாய்க் கேட்டாய். தாய் போனாள், மனைவியை நீ துரத்தினாய், கள்ளுக்கிண்ணத்தோடு பகிடிவிடும் கூட்டம் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் அவர்கள் சொல்வது மட்டுமே உன் செவியில் ஏறுகிறது. புரதத்துக்குத் துணையைத் தேரும் உரிமை இல்லை, அதனால் அதைக் குறைசொல்ல முடியாது. உனக்கு இருந்தது. உன் வாழ்நாளுக்கு நான் தரக்கூடிய அறிவுரை இது ஒன்றுதான்; இதையும் நீ கேட்கப்போவதில்லை.

இந்த நோய் ஒருவர் வழியாக மட்டும் வராது. அந்தத் துணைப்புரதத்தைச் செய்யும் குறிப்பு ஒவ்வோர் உடலிலும் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒன்று பழுதானாலும் மற்றது போதும். அப்படிப்பட்டவர்கள் நோயின்றி வாழ்ந்து மடிவார்கள். இரண்டும் பழுதானால்தான் நோய். தேன்மொழியின் குருதியில் ஒரு படி பழுது என்று கண்டார்கள். உன்னிடம் குருதி கேட்டார்கள். "என்ர ரத்தத்தில ஒரு பழுதுமில்ல, போய் அவளின்ரயைப் பாருங்கோ" என்றாய். நான் சட்டைக் கையை மடித்து என் குருதியைக் கொடுத்தேன். அதே பழுது, அதே இடத்தில், என்னிடம் இருந்தது. என் பெற்றோரில் ஒருவரிடமிருந்து எனக்கும் என் தங்கைக்கும் வந்து, என் வழியாக உன்னிடமும் அவள் வழியாகத் தேன்மொழியிடமும் இறங்கியிருக்கிறது. அமுதனிடம் அந்த ஒரே பழுது இரண்டு படிகளிலும் இருக்கிறது. ஒன்று தேன்மொழி கொடுத்தது. மற்றதை எந்த நாட்டுக் கப்பல் கொண்டுவந்தது என்று உன் படகுத்தலைவனைக் கேட்டுச் சொல். இது என் பிள்ளையில்லை என்று நீ நீட்டிக் காட்டிய அந்தக் கருமையே, அவன் உன் பிள்ளை என்று கூவி நின்றது.

குளிசை தொடங்கினார்கள். சுரக்காத அந்த இரண்டாவது இயக்குநீரே குளிசையாக வருகிறது. சிறு பிள்ளைக்கு ஏற்றபடி அதைப் பொடித்து, வேளை தவறாமல் கொடுத்தாள் தேன்மொழி. அவன் காலையில் தானே எழுந்தான். கோழியைத் துரத்தினான். எனக்கு அடித்துவிட்டு, "அப்பப்பா அழுங்கோ" என்று கட்டளையிட்டான். உள்ளே மறுமொழி கிடைத்ததால் தலைச்சுரப்பி தன் கூச்சலைத் தணித்தது. கூச்சல் தணியத் தணியத் தோலும் தெளிந்தது. அந்த நேரத்தில்தான் உறவினர் திருமணமொன்றில் நீ அவனைக் கண்டாய். எங்கள் யாரையும் கேளாமல் தூக்கி, நான்குபேர் முன்னால் உயர்த்தி, "பாருங்கோ, அப்பிடியே என்னை உரிச்சு வைச்சிருக்கு" என்றாய். நீ துரத்தியபோதும் அவனுக்கு அதே மூக்குத்தான் இருந்தது. நிறம் உன் விருப்பத்துக்கு வந்ததும் உனக்குத் தந்தைமை வந்தது. பிள்ளை சில காலம் உன்னோடு இருக்கட்டும், தேன்மொழி பிறகு வரலாம் என்றாய். வேண்டாம் என்றேன் நான். "பிள்ளைக்கு அப்பா வேணும் மாமா" என்றாள் அவள். குளிசைப் பையை உன் கையில் வைத்து, "ஒரு நேரமும் விடாதேங்கோ. காய்ச்சல் எண்டா இரட்டிப்பாக் குடுங்கோ. சத்தி எடுத்தா நிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ" என்று கெஞ்சினாள். "ஓம் ஓம், எனக்குத் தெரியும்" என்றாய்.

சில கிழமைகளில் நிறுத்திவிட்டாய். ஏன் நிறுத்தினாய் என்று பின்னர் விடுதியில் கேட்டதற்கு நீ சொன்னதை இந்த மக்கள் கேட்கட்டும். "நிறம் தெளிஞ்சிட்டுது, இனி என்னத்துக்குக் குளிசை?" ஒரு பிள்ளையை உயிரோடு வைத்திருந்த மருந்தை வெள்ளையாக்கும் களிம்பு என்று எண்ணியவன் இந்தத் துறைமுகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். பிறகு சோதனை முடிவை எடுத்துக் காட்டினாய். "இஞ்ச பாருங்கோ, ஓமோன் இப்பவும் கூடத்தான் காட்டுது. கூடிக் கிடக்கிறதுக்கு மேல இன்னும் ஓமோன் குடுக்கிறதோ? ஆரை ஏமாத்துறியள்?" கூடிக் கிடப்பது கூப்பிடும் இயக்குநீர். குறைந்து கிடப்பது மறுமொழி சொல்லும் இயக்குநீர். அதைத்தான் குளிசை தருகிறது. ஒருவன் உதவி உதவி என்று தொண்டை கிழியக் கத்தும்போது, இவனிடம்தான் குரல் நிறைய இருக்கிறதே, உதவி எதற்கு என்று கேட்பாயா? நீ கேட்டாய். மூன்றாவதாக, கன்னம் ஊதும், எலும்பு உருகும் என்று எவனோ சொன்னான் என்றாய். கூடுதலாகக் கொடுத்தால் அப்படி ஆகும். உடல் தானே சுரக்கவேண்டிய அளவைத்தான் அவனுக்குக் கணித்துக் கொடுக்கிறார்கள் என்று மருத்துவர் உனக்கு விளக்கியிருக்கிறார். ஆனால் இவை மூன்றும் மேற்பூச்சு. நான்காவதை நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்தக் குளிசையை அவன் நாக்கில் வைக்கும் ஒவ்வொரு முறையும், இந்த நோயின் பாதி உன்னிடமிருந்து வந்தது என்று உனக்குள் நீயே ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. அதைப் பொறுக்கமாட்டாமல் பிள்ளையைச் சாகக் கொடுக்கத் துணிந்தாய்.

காய்ச்சல் வந்தது. சத்தி வந்தது, வாந்தியெடுத்தபடி கிடந்தான். "கடைச்சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்ல" என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் பருக்கினாய். பக்கத்து வீட்டுப் பெண்தான் எட்டிப் பார்த்து, "ஐயோ, பிள்ளை கண்ணைத் திறக்குதில்ல, நீங்கள் என்ன இருக்கிறியள்?" என்று கத்தியிருக்கிறாள். அவ்வழியே போன கிண்ணியாத் தம்பி ஒருவர் முச்சக்கரவண்டியை நிறுத்தி, உன்னிடம் அனுமதி கேளாமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு பறந்திருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, புள்ள ஈரத்துணி மாதிரிக் கையில கிடந்தான். வாப்பா எங்கயெண்டு பாத்தா, பின்னுக்கு ஏறியிருந்து போன் கதைக்கிறாரு." மருத்துவர் அவனுக்குச் சீனிநீரும் அந்த இயக்குநீர் ஊசியும் ஏற்றினார். சற்று நேரத்தில் அமுதன் கண் திறந்து, "அம்மா" என்றான். நீ எதிரில் நின்றாய். உன்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

இவ்வளவுக்கும் பிறகு நீ மருத்துவரிடம் சொன்னது: "ஊசி போட்டாச்சுத்தானே? கையெழுத்து வைக்கிறன், கூட்டிக்கொண்டு போறன். எனக்குத் தெரிஞ்ச நாட்டு வைத்தியர் இருக்கிறார்." அவர் படிவத்தைத் தள்ளிவைத்தார். "அண்ணை, உங்கட கையெழுத்து குளிசை இல்ல" என்றார். நீ தோளைக் குலுக்கினாய். அவர் சிறுவர் காப்பு அலுவலருக்கு அறிவித்துவிட்டார். அவர்கள் வருவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பது உன் கணக்கு. போகுமுன் அவனுடைய விரல்மொழிகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போ. மறுபடி கருக்கத் தொடங்கியிருக்கின்றன. இனி அவன் யார் பிள்ளை, சொல்.

நீ திருந்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருந்துவாய் என்ற நம்பிக்கை இருந்தால் இந்த மடலை உன் காதோடு சொல்லியிருப்பேன். வழக்குமன்றில் உனக்கு எதிராகச் சான்று சொல்ல என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பெற்ற தகப்பன் மகனுக்கு எதிராகக் கூண்டில் ஏறுவதா என்று உறவினர் கேட்கிறார்கள். ஏறுவேன். உன்னைத் தூக்கி வளர்த்த கதையெல்லாம் அங்கே சொல்லமாட்டேன். நீ நிறுத்திய குளிசையின் பெயரை மட்டும் சொல்வேன். எனக்குக் கொள்ளி வைக்க உன்னை அழைக்கவேண்டாம் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் குளிசை வைக்காத கை என் பிணத்தருகே வரவேண்டியதில்லை.

பார்வை நேரம் தொடங்குகிறது. தேன்மொழி வந்துவிட்டாள், விடுதி வாசலில் நிற்கிறாள். நீ கதவுக்குக் குறுக்கே கால்நீட்டி அமர்ந்திருக்கிறாய். உன்னிடம் அவள் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை, வாழ்வு எதிர்பார்க்கவில்லை. உள்ளே போக வழி கேட்கிறாள். கூடியிருப்போரே, இவன் பிள்ளையோடு வெளியே வந்தால் அடிக்கவேண்டாம், ஏசவேண்டாம்; படிகளில் நெருங்கி அமர்ந்துவிடுங்கள், ஒருவரும் எழும்பாதீர்கள். மகனே, காலை மடக்கு. எழுந்து உள்ளே போ. பிள்ளையைத் தூக்கி அவனுடைய தாயின் தோளில் போடு. தாய் கொண்டுபோகட்டும் என்று மருத்துவர் கேட்க வாய்திறந்து சொல். சொல்லிவிட்டு இந்தப் படியால் இறங்கிப் போ. அடுத்த குளிசைக்கு நேரமாகிவிட்டது. எழும்படா, இப்போதே!